கணினிப் பாதுகாப்பு ஆராய்ச்சி: நம் குழந்தைகளுக்கு ஏற்ற வழியா?

(அணுசக்தி நகரில் நடந்த நம் சங்க உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக்கையும் பொருட்படுத்தாமல் மாட்டுங்காவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் வந்திருக்கிறீர்கள். பிளஸ் டூ படிக்கிற குழந்தைகளையும் அழைத்து வந்திருக்கிறீர்கள். ஆகையால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

"சைபர் செக்யூரிட்டி ஆராய்ச்சி என்று பேசிக்கொள்கிறார்களே, அதில் பையனைச் சேர்க்கலாமா? பெண்ணுக்கு ஒத்துவருமா? சம்பாத்தியம் உண்டா?" என்று நம் உறுப்பினர்கள் பலர் கேட்கிறார்கள். நான் பௌதிகப் பட்டதாரி. மத்திய அரசுப் பணியில் கோப்புகளோடு காலத்தைக் கழித்து ஓய்வு பெற்றவன். கம்ப்யூட்டர் நிபுணன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். துறையின் நுணுக்கங்களைக் குழந்தைகள் தங்கள் பேராசிரியர்களிடம் கற்றுக்கொள்வார்கள். அவர்களுடைய படிப்பைத் தீர்மானிக்கிற இடத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களாகிய நாம் எதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

எது ஆராய்ச்சி?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். சைபர் செக்யூரிட்டி என்றவுடன் நம் நினைவுக்கு வருவது ஓ.டி.பி. கேட்டு வரும் போனும், "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று பயமுறுத்திப் பணம் பறிக்கும் கூட்டமும்தான். அது போலீஸ் விவகாரம். நம் நாட்டில் எந்தச் சட்டத்திலும் டிஜிட்டல் அரெஸ்ட் என்று ஒன்று கிடையாது என்பதை வீட்டில் உள்ள முதியவர்களுக்குச் சொல்லி வையுங்கள். யாராவது ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யச் சொல்லுங்கள்.

அடுத்தது காவல் வேலை. வங்கிகளிலும் கம்பெனிகளிலும் ஷிஃப்ட் முறையில் உட்கார்ந்து, கம்ப்யூட்டர் வலைப்பின்னலில் ஏதாவது விபரீதம் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். நல்ல வேலைதான். ஆட்கள் நிறையத் தேவைப்படுகிற வேலையும்கூட.

மூன்றாவதுதான் ஆராய்ச்சி. "இது பத்திரமானது" என்று ஒருவர் சொன்னால், "எதை வைத்து அப்படிச் சொல்கிறீர்கள்?" என்று கேட்பது, சோதித்துப் பார்ப்பது, ஓட்டை இருந்தால் திருடனுக்கு முன்னால் அதைக் கண்டுபிடித்து, உரியவரிடம் சொல்லி அடைக்கச் செய்வது. ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர் ஒருவர், வைத்தியம் பார்ப்பவர் ஒருவர், வியாதியின் காரணத்தையே கண்டுபிடிப்பவர் ஒருவர் என்று இருக்கிறார்கள் அல்லவா? அந்த மூன்றாமவருடைய ஸ்தானம்தான் ஆராய்ச்சியாளருடையது.

இந்த ஊரில் நடந்தது

இந்தத் துறை நமக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதற்கு வெளியூர் போக வேண்டியதில்லை. 1998 மே மாதம் 11, 13 தேதிகளில் பொக்ரானில் அணு வெடிப்புச் சோதனைகள் நடந்தன. அடுத்த மாதத் தொடக்கத்திலேயே, மில்வோர்ம் என்று பெயர் வைத்துக்கொண்ட ஒரு சிறு கும்பல், இதோ பக்கத்தில் டிராம்பேயில் இருக்கும் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் இணையக் கம்ப்யூட்டர்களுக்குள் நுழைந்தது. முகப்புப் பக்கத்தை மாற்றிக் காளான் மேகப் படத்தை வைத்தார்கள். ஈமெயில்களை எடுத்துக்கொண்டதாகவும் அறிவித்தார்கள். அவர்கள் வெவ்வேறு தேசங்களில் இருந்த இளைஞர்கள், பெரும்பாலும் பதின்வயதுப் பிள்ளைகள்.

இந்தச் செய்தியைப் படித்த நம் வீட்டுப் பையன் ஒருவன், "பதினாறு வயதுப் பிள்ளைகளே செய்திருக்கிறார்களே, எவ்வளவு சாமர்த்தியம்!" என்று வியக்கலாம். அவனுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். திறந்து கிடக்கும் கதவு வழியாக உள்ளே போவதற்கு மேதாவிலாசம் வேண்டாம்; யாரோ எழுதி வைத்த கருவியும் போதுமான நேரமும் இருந்தால் நடந்துவிடும். அந்தக் கதவு ஏன் திறந்து கிடந்தது, அதே மாதிரிக் கதவு இன்னும் எங்கெல்லாம் இருக்கும், இனிமேல் அப்படி அமையாமல் எப்படிக் கட்டுவது என்று சொல்வதற்குத்தான் படிப்பும் புத்தியும் வேண்டும்.

இருபத்தொரு வருஷம் கழித்து இன்னொரு சம்பவம். அணுமின் நிலையங்களை நடத்தும் இந்திய அணுமின் கழகத்தின் தலைமை அலுவலகமான நாபிகீய ஊர்ஜா பவன் இந்த அணுசக்தி நகரில்தான் இருக்கிறது என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். அதன் கீழ் வருவது திருநெல்வேலிச் சீமையில் உள்ள கூடங்குளம் அணுமின் நிலையம். 2019 அக்டோபர் 28ஆம் தேதி வாக்கில், கூடங்குளத்துக் கம்ப்யூட்டரில் "டிட்ராக்" என்ற வேவு பார்க்கும் நச்சு நிரல் புகுந்துவிட்டது என்று செய்தி பரவியது. மறுநாள், 29ஆம் தேதி, அணுமின் நிலையத்தின் சார்பில் ஒரு மறுப்பு வந்தது. நிலையத்தின் கட்டுப்பாட்டு அமைப்புகள் வெளி வலைப்பின்னலோடு தொடர்பே இல்லாதவை, ஆகவே அவற்றின் மேல் சைபர் தாக்குதல் சாத்தியமில்லை என்பது அதன் சாரம். அதற்கு அடுத்த நாள், 30ஆம் தேதி, அணுமின் கழகம் அறிக்கை விட்டது. நச்சு நிரல் கண்டுபிடிக்கப்பட்டது உண்மைதான். செப்டம்பர் 4ஆம் தேதி அதைக் கவனித்த செர்ட்-இன் என்ற மத்திய அமைப்பு தகவல் கொடுத்தது. அணுசக்தித் துறை நிபுணர்கள் உடனே ஆராய்ந்தார்கள். பாதிக்கப்பட்டது நிர்வாக வேலைக்காக இணையத்தோடு இணைக்கப்பட்ட ஒரு கம்ப்யூட்டர். முக்கியமான உள் வலைப்பின்னல் தனியாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. நிலைய இயக்கத்துக்குப் பாதிப்பில்லை என்று அதில் விளக்கம் இருந்தது.

இந்த விஷயத்தைப் பொதுவெளியில் பேசியவர் புக்ராஜ் சிங் என்ற கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர். தமக்கு வந்த தகவலை செப்டம்பர் மாதத் தொடக்கத்திலேயே தேசிய சைபர் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளருக்குத் தெரிவித்துவிட்டதாக அவர் சொன்னார். ஒன்றைக் கவனியுங்கள். முதலில் அரசாங்கத்திடம் சொன்னார். ஊருக்குத் தெரிய வந்தது ஏறக்குறைய எட்டு வாரம் கழித்துத்தான். இந்த வரிசை முக்கியம். இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

மடியும் விழுப்பும்

"தனியாகப் பிரிக்கப்பட்ட வலைப்பின்னல்" என்றால் என்ன? நம் வீட்டுப் பாஷையில் சொன்னால், மடி. பாட்டிகள் மடிப்புடைவையை உயரக் கொடியில் கோலால் உலர்த்துவார்கள். விழுப்போடு இருப்பவர் யாரும் தொடக் கூடாது. முக்கியமான கம்ப்யூட்டர்களையும் அப்படித்தான் வைக்கிறார்கள். இணையத்தோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நல்ல ஏற்பாடு. ஆனால் மடி என்பது ஒருநாள் ஏற்படுத்திவிட்டு மறந்துவிடக்கூடியது இல்லையே! பாட்டி பூஜை அறைக்குள் இருக்கும்போது பேரன் ஓடிப்போய்ப் புடைவையைத் தொட்டுவிட்டு வந்திருந்தால்? தொட்டது அவருக்குத் தெரியாது. மடி என்றே நினைத்துக் கட்டிக்கொள்வார்.

ஈரானில் நடந்தது அதுதான். நட்டான்ஸ் என்ற இடத்தில் யுரேனியம் செறிவூட்டும் கூடம் இணையத்திலிருந்து பிரித்தே வைக்கப்பட்டிருந்தது. பென் டிரைவ் மூலமாகவும் பரவக்கூடிய ஸ்டக்ஸ்நெட் என்ற நிரல் அதற்குள் போய்ச் சேர்ந்தது. அங்கே சீமென்ஸ் கம்பெனியின் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்குள் புகுந்து, சுழலும் இயந்திரங்களின் வேகத்தை மாற்றி அவற்றைச் சேதப்படுத்தியது. அதே சமயம் கண்காணிப்புத் திரையில் எல்லாம் சரியாக இருப்பதுபோலக் காட்டியது. அறையில் இருந்தவர்கள் திரையை நம்பினார்கள். 2010 ஜூன் மாதம் அதைக் கண்டுபிடித்தது பெலாரஸ் நாட்டில் ஒரு சிறிய வைரஸ் தடுப்புக் கம்பெனி. வாடிக்கையாளர் ஒருவருடைய கம்ப்யூட்டர் காரணம் தெரியாமல் திரும்பத் திரும்ப நின்று நின்று தொடங்கியது. அது ஏன் என்று விடாமல் தேடியதில் கிடைத்தது. பிறகு ஜெர்மனியில் ரால்ஃப் லாங்னர் குழுவினரும் அமெரிக்காவில் சைமன்டெக் கம்பெனியின் ஆய்வாளர்களும் மாதக்கணக்கில் அந்த நிரலை வரி வரியாகப் பிரித்துப் படித்து, அது எதற்காக எழுதப்பட்டது என்று சொன்னார்கள். அந்த நிரல் பரவிய நாடுகளில் ஈரான், இந்தோனேஷியாவுக்கு அடுத்தபடியாக நம் நாடும் இருந்தது.

மடி காப்பது ஒருவர் வேலை. மடி உண்மையிலேயே மடியாக இருக்கிறதா என்று சந்தேகப்பட்டுப் பார்ப்பது இன்னொருவர் வேலை. அந்த இரண்டாவது ஆசாமிதான் ஆராய்ச்சியாளர். அவரைச் சந்தேகப் பிராணி என்று வீட்டில் திட்டுவோம். ஆனால் தேசத்துக்கு அவர் வேண்டும்.

கும்பகோணத்தில் ஒரு பிரிண்டர்

அணு உலை நமக்கு வெகு தூரம் என்று நினைப்பவர்களுக்காகக் கும்பகோணம் கதை. 1904இல் அங்கே தொடங்கிய சிட்டி யூனியன் வங்கியில் நம்மில் பலருக்குக் கணக்கு இருக்கும். 2018 பிப்ரவரியில், சர்வதேசப் பணப் பரிமாற்றத்துக்கான ஸ்விஃப்ட் அமைப்பின் வழியாக அந்த வங்கியின் பெயரில் மூன்று போலி உத்தரவுகள் போயின. மொத்தம் ஏறக்குறைய 20 லட்சம் டாலர். துபாய்க்கு ஒன்று, துருக்கிக்கு ஒன்று, சீனாவுக்கு ஒன்று. துபாய்க்கான தொகை வழியிலேயே தடுக்கப்பட்டது. எப்படித் தெரிந்தது? வெளிநாட்டு வங்கிகளின் கணக்கையும் தங்கள் கணக்கையும் ஒத்திட்டுப் பார்க்கிற வழக்கமான வேலையில்தான். நம் தலைமுறை குமாஸ்தாக்கள் பேரேட்டை வைத்துக்கொண்டு டிக் அடித்துச் செய்த அதே வேலை!

இதற்கு முன்மாதிரி 2016 பிப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியில் நடந்தது. அங்கே 8 கோடியே 10 லட்சம் டாலர் கைமாறிப் போயிற்று. ஸ்விஃப்ட் செய்திகளைத் தானாக அச்சடிக்கும் பிரிண்டரைத் திருடர்கள் முதலில் முடக்கினார்கள். காலையில் வந்த ஊழியர்கள் பிரிண்டர் கோளாறு என்று நினைத்துக்கொண்டார்கள். காகிதம் வராததே அபாய அறிகுறி என்று யாருக்கும் தோன்றவில்லை.

இதைக் குழந்தைகளுக்கு ஏன் சொல்கிறேன் என்றால், இந்தத் துறைக்கு வேண்டிய மனசு இதுதான். வழக்கமாக வரவேண்டிய ஒன்று வரவில்லை என்றால் அதைக் கவனிக்கிற மனசு. "மெஷின் பழசு, அப்படித்தான் மக்கர் பண்ணும்" என்று விட்டுவிடாத மனசு.

ஆறு இலக்கக் கணக்கு

ஆராய்ச்சி என்றால் பெரிய கூடமும் கோடிக்கணக்கான உபகரணமும் வேண்டும் என்றும் நினைக்காதீர்கள். 2019இல் சென்னையைச் சேர்ந்த லக்ஷ்மண் முத்தையா என்ற இளைஞர் இன்ஸ்டாகிராமில் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தார். அதைப் புரிந்துகொள்ள எட்டாம் வகுப்புக் கணக்குப் போதும்.

பாஸ்வேர்ட் மறந்துவிட்டால் நம் போனுக்கு ஆறு இலக்க எண் ஒன்று அனுப்புவார்கள். அது 10 நிமிஷம் செல்லும். ஆறு இலக்கத்தில் மொத்தம் 10 லட்சம் எண்கள் உண்டு. ஒருவர் அத்தனையையும் வரிசையாகப் போட்டுப் பார்க்கக் கூடாது என்பதற்காக, ஓர் இணைய முகவரியிலிருந்து சுமார் 200 முயற்சிக்கு மேல் வந்தால் தடுத்துவிடுவார்கள். எல்லோரும் இங்கே நிறுத்திக்கொண்டு, "பத்திரம்" என்றார்கள். அவர் அடுத்த கேள்வியைக் கேட்டார்: ஒரே முகவரியிலிருந்து அனுப்பினால்தானே தடை? பல முகவரிகளிலிருந்து ஒரே சமயத்தில் அனுப்பினால்? 1,000 முகவரிகளிலிருந்து 2 லட்சம் எண்களை அனுப்பிப் பார்த்தார். தடை வரவில்லை. அப்படியானால் 5,000 முகவரிகள் இருந்தால் 10 லட்சமும் முடிந்துவிடும். வாடகைக் கம்ப்யூட்டர்களில் இதற்குச் சுமார் 150 டாலர் செலவாகும் என்று கணக்குப் போட்டார். அதை ஃபேஸ்புக் கம்பெனிக்கு எழுதி அனுப்பினார். அவர்கள் ஓட்டையை அடைத்துவிட்டு 30,000 டாலர், அதாவது அன்றைய மதிப்பில் சுமார் 20 லட்சம் ரூபாய், வெகுமதி கொடுத்தார்கள். 2021இல் இதே போன்ற ஒரு கண்டுபிடிப்புக்கு மைக்ரோசாஃப்ட் அவருக்கு 50,000 டாலர் கொடுத்தது.

தொகையைக் கேட்டவுடன் பெற்றோர் முகத்தில் பிரகாசம் தெரிகிறது! ஆனால் வெகுமதி மாதச் சம்பளம் மாதிரி இல்லை. பல மாதம் தேடி ஒன்றும் கிடைக்காமலும் போகும். நாம் சொல்வதற்கு முதல் நாள் வேறொருவர் சொல்லியிருந்தால் நமக்கு ஒன்றும் வராது. அதை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. படிக்கிற காலத்தில் கைப்பழக்கத்துக்கு நல்லது.

என்ன படிக்க வேண்டும்?

"எத்திகல் ஹேக்கிங், மூன்று மாதம், வேலை நிச்சயம்" என்று விளம்பரங்கள் வருகின்றன. அவற்றில் கருவிகளைப் பயன்படுத்தக் கற்றுக்கொடுப்பார்கள். கருவி இரண்டு வருஷத்தில் பழசாகிவிடும். கணிதமும் கம்ப்யூட்டரின் அடிப்படையும் பழசாவதில்லை. ஆகவே பன்னிரண்டாம் வகுப்பில் கணிதத்தை விடாதீர்கள். பிறகு கம்ப்யூட்டர் ஸயன்ஸ் அல்லது எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினீயரிங், இல்லாவிட்டால் பி.எஸ்ஸி. கணிதம் அல்லது பௌதிகம். இடம் கிடைக்காத சிறப்புப் படிப்புக்காகப் பெரிய தொகையைக் கொட்டுவதைவிட, நல்ல ஆசிரியர்கள் உள்ள காலேஜில் அடிப்படைப் படிப்பு மேல்.

அதற்குமேல் எந்தக் கிளை என்பது குழந்தையின் சுபாவத்தைப் பொறுத்தது. எண்களில் லயிப்பவருக்கு மறைகுறியீட்டு இயல், அதாவது கிரிப்டாலஜி. கல்கத்தா இந்தியப் புள்ளியியல் கழகத்தில் கிரிப்டாலஜிக்கும் செக்யூரிட்டிக்கும் தனி எம்.டெக். இருக்கிறது. 2002 ஆகஸ்டில் கான்பூர் ஐ.ஐ.டி.யின் மணீந்திர அகர்வால், தம் மாணவர்கள் நீரஜ் கயால், நிதின் சக்ஸேனா இருவருடன் சேர்ந்து, ஓர் எண் பகா எண்ணா என்று விரைவாகவும் ஐயமின்றியும் சொல்லும் வழியைக் கண்டுபிடித்து உலகத்தை ஆச்சரியப்படுத்தினார். அந்த மாணவர்கள் அப்போதுதான் பி.டெக். முடித்தவர்கள். இப்போது அந்தக் கிளையில் புதிய வேலை காத்திருக்கிறது. குவாண்டம் கம்ப்யூட்டர் பெரிய அளவில் வந்துவிட்டால் இன்றைய பூட்டுகளில் பல திறந்துகொள்ளும். அதைத் தாங்கும் புதுப் பூட்டுகளுக்கான முதல் தரநிலைகளை அமெரிக்கத் தரநிலை நிறுவனம் 2024 ஆகஸ்டில் வெளியிட்டது. நம் வங்கி, ரயில்வே, ராணுவம், ஆஸ்பத்திரி என்று எல்லா இடத்திலும் பழைய பூட்டை மாற்ற ஆள் வேண்டும்.

கையில் எடுத்துக் கழற்றிப் பார்க்கும் குணமுள்ள குழந்தைக்கு ஹார்ட்வேர் பாதுகாப்பு. 2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்று இரண்டு குறைகள் வெளிவந்தன. உலகத்துக் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவற்றின் மூளையான பிராஸஸரிலேயே ரகசியம் கசிகிறது என்று தெரிந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் நம் நாட்டுக்கென்றே சக்தி என்ற பிராஸஸரை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை வகித்தவர் பேராசிரியர் காமகோடி. 2022 ஜனவரியில் அந்த ஐ.ஐ.டி.க்கே இயக்குநராகப் பொறுப்பேற்றார். கரக்பூர் ஐ.ஐ.டி.யின் தேப்தீப் முகோபாத்யாய இந்த ஹார்ட்வேர் பாதுகாப்பு ஆராய்ச்சியில் பேர் பெற்றவர். அவருக்கு 2021இல் பட்நாகர் விருது கிடைத்தது.

இயந்திரம், ஆலை, மின்நிலையம் இவற்றில் நாட்டம் உள்ளவருக்குக் கட்டுப்பாட்டு அமைப்புகளின் பாதுகாப்பு. கூடங்குளமும் நட்டான்ஸும் இதில் சேர்ந்தவை. இதற்கான வாசல் இந்தப் பேட்டையிலேயே இருக்கிறது. பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பயிற்சிப் பள்ளி 1957 முதல் நடக்கிறது. கேட் மதிப்பெண்ணை வைத்து விண்ணப்பிக்கலாம், பிறகு நேர்முகம். தேர்வானால் உதவித்தொகையோடு ஓராண்டுப் பயிற்சி. அதன்பின் விஞ்ஞானி உத்தியோகம். கம்ப்யூட்டர் ஸயன்ஸ், எலக்ட்ரானிக்ஸ், பௌதிகம் எல்லாவற்றுக்கும் அதில் இடமுண்டு. சென்னை தரமணியில், அப்துல் கலாம் அவர்களின் முயற்சியால் 2002இல் தொடங்கிய செட்ஸ் என்ற அமைப்பு இந்தப் பாதுகாப்பு ஆராய்ச்சிக்காகவே இருக்கிறது. கோவை எட்டிமடையில் அமிர்தா பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் படிப்பு உண்டு. திருவனந்தபுரம் சி-டாக் தடயவியலில் பல காலமாக வேலை செய்துவருகிறது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் சி3ஐ என்ற மையம் கட்டுப்பாட்டு அமைப்புகளைச் சோதிப்பதற்கென்றே மாதிரிக் கூடங்களை அமைத்திருக்கிறது.

வருமானத்தையும் ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறேன். பிஎச்.டி. செய்பவருக்கு 2023 ஜனவரி முதல் மத்திய அரசின் ஆராய்ச்சி உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். இரண்டு வருஷம் கழித்து 42,000. உடன் படித்தவன் ஸாஃப்ட்வேர் கம்பெனியில் இதற்குப் பல மடங்கு வாங்குவான், கார் வாங்குவான், கிருஹப்பிரவேசப் பத்திரிகை அனுப்புவான். ஐந்து வருஷம் இதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பையனால் முடியும், நம்மால்தான் முடிவதில்லை! "அடுத்தாத்துப் பையனைப் பார்" என்று ஆரம்பித்துவிடுவோம். அப்படிச் சொல்லாமல் இருக்க முடியும் என்றால் மட்டும் குழந்தையை இந்த வழியில் அனுப்புங்கள். ஐந்து வருஷத்துக்குப் பின் அவனைத் தேடி வருகிறவர்கள் உண்டு. 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, மக்களின் தகவலைக் காக்கத் தவறும் கம்பெனிக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். 2022 ஏப்ரலில் வந்த செர்ட்-இன் உத்தரவுப்படி, தாக்குதல் தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும். இத்தகைய சட்டங்கள் இருக்கும்வரை, விஷயம் தெரிந்த ஆட்களுக்குக் கிராக்கி குறையாது.

பெண் குழந்தைகளுக்கு ஒத்துவருமா என்று கேட்டீர்கள். பொறுமையும் கூர்மையும் வேண்டிய வேலை; இதில் ஆண் என்ன, பெண் என்ன? அந்தக் கேள்வியை இனிமேல் நாம் கேட்காமல் இருப்பதே நல்லது.

லட்சுமண ரேகை

இப்போது மாணவர்களோடு நேராகப் பேசுகிறேன். இந்தத் துறையில் ஒரு கோடு உண்டு. அதைத் தாண்டினால் புத்திசாலித்தனம் காப்பாற்றாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66ஆம் பிரிவுகளின்படி, உரியவர் அனுமதியில்லாமல், நேர்மையற்ற அல்லது மோசடி எண்ணத்தோடு அடுத்தவர் கம்ப்யூட்டருக்குள் புகுந்தால் மூன்று வருஷம் வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். எண்ணம் நல்லதாகவே இருந்தாலும் 43ஆம் பிரிவின்படி நஷ்ட ஈடு கேட்கலாம். அரசு "காக்கப்பட்ட அமைப்பு" என்று அறிவித்த இடமானால் 70ஆம் பிரிவின்படி பத்து வருஷம் வரை. "சும்மாப் பார்த்தேன் மாமா, எதையும் எடுக்கவில்லை" என்று போலீஸ் ஸ்டேஷனில் நிரூபித்துக்கொண்டிருக்கிற நிலைமை உங்களுக்கு வர வேண்டாம்.

2010இல் ஹைதராபாதைச் சேர்ந்த ஹரி பிரசாத் என்ற பொறியாளர், வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்களுடன் சேர்ந்து ஒரு மின்னணு வாக்குப் பதிவு இயந்திரத்தைச் சோதித்து, அதில் பலவீனங்கள் இருப்பதாக வெளியிட்டார். அந்த இயந்திரம் மும்பையில் அரசுப் பாதுகாப்பிலிருந்து எப்படிப் போயிற்று என்ற வழக்கில் அந்த ஆகஸ்டில் கைது செய்யப்பட்டுப் பிறகு ஜாமீனில் வந்தார். அவர் சொன்னது சரியா, தேர்தல் கமிஷன் சொன்னது சரியா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. அவருக்கு வெளிநாட்டில் விருதும் கிடைத்தது. நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். எந்தப் பொருளைச் சோதிக்கிறோம், அது நம் கைக்கு எப்படி வந்தது, யார் அனுமதித்தார்கள் என்பதற்குக் காகிதத்தில் பதில் இருக்க வேண்டும்.

பழகுவதற்குச் சட்டபூர்வமான இடங்கள் வேண்டிய அளவு இருக்கின்றன. "கொடியைக் கைப்பற்று" என்ற பெயரில் உலகெங்கும் போட்டிகள் நடக்கின்றன. உடைப்பதற்கென்றே கட்டிய கம்ப்யூட்டரைக் கொடுத்து உடைக்கச் சொல்வார்கள். அமிர்தாவின் பயாஸ் என்ற மாணவர் குழு இதில் பெயர் வாங்கியது. வெகுமதி தரும் கம்பெனிகள் எதைச் சோதிக்கலாம், எதைத் தொடக் கூடாது என்று எழுதி வைத்திருக்கின்றன. அதை எழுத்துக்கு எழுத்து படியுங்கள். தற்செயலாக ஏதாவது அரசு அமைப்பில் குறை கண்ணில் பட்டால் மேலே நோண்டாமல், செர்ட்-இன் அமைப்புக்கு எழுதுங்கள். அதற்கென்று முறை வைத்திருக்கிறார்கள். நண்பர்களிடம் பெருமையடிக்கக் கூடாது. கூடங்குளம் விஷயத்தில் வரிசை முக்கியம் என்று சொன்னேனே, அது இதுதான். முதலில் பொறுப்பில் இருப்பவரிடம். அவர் சரிசெய்ய அவகாசம். ஊரறியச் சொல்வது கடைசியில்.

கேட்பவர்களும் கற்க வேண்டும்

கடைசியாக, பதவியில் இருப்பவர்களுக்கும், பதவியில் இருந்து இங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வெளியாள் ஒருவர் வந்து, "உங்கள் கதவு திறந்திருக்கிறது" என்றால், நம் அலுவலகப் பழக்கத்தில் முதலில் எழுதுவது மறுப்புதான். சங்கதி உண்மையா என்று பார்ப்பதற்கு முன்பே "அப்படி எதுவும் இல்லை" என்று வரைவு தயாராகிவிடும். அடுத்து, சொன்னவன் யார், அவனுக்கு எப்படித் தெரியும் என்று விசாரணை. கெட்ட எண்ணத்தால் இப்படிச் செய்வதில்லை. ஸ்தாபனத்தின் மானத்தைக் காப்பதாகத்தான் நினைக்கிறோம். ஆனால் அப்படி ஒருமுறை பதில் வாங்கிய இளைஞன் அடுத்த தடவை சொல்ல மாட்டான். அவன் சொல்லாவிட்டால் ஓட்டை மறைந்துவிடாது. வேறு எவனாவது அதைக் கண்டுபிடிப்பான், அவன் நமக்குச் சொல்லிவிட்டுச் செய்ய மாட்டான்.

2019இல் மறுப்பு வந்த மறுநாளே தலைமை அலுவலகம் உண்மையை ஒப்புக்கொண்டு, எந்த அளவு பாதிப்பு, எது பாதிக்கப்படவில்லை என்று விளக்கியது. அதனால் ஸ்தாபனத்தின் கௌரவம் குறைந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. அந்த அறிக்கைதான் முதல் நாளே வந்திருக்க வேண்டியது.

வீட்டிலும் இதுவே பொருந்தும். "அப்பா, உங்கள் பாஸ்வேர்ட் என் பிறந்த தேதிதானே, யார் வேண்டுமானாலும் கண்டுபிடிக்கலாம்" என்று பத்து வயதுக் குழந்தை சொன்னால், "அதிகப்பிரசங்கி" என்று அதட்டாதீர்கள். அவள் சோதித்தாள், கண்டுபிடித்தாள், உரியவரிடம் வந்து சொன்னாள். ஆராய்ச்சியாளருக்கு வேண்டிய மூன்றும் அதில் இருக்கிறது. பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, "சபாஷ்" என்று சொல்லுங்கள். அடுத்த கண்டுபிடிப்பையும் உங்களிடமே கொண்டுவருவாள்.

ஆகவே, தலைப்பில் உள்ள கேள்விக்கு என் பதில்: கணிதத்தில் பிடிப்பு, மாதக்கணக்கில் ஒரே விஷயத்தில் உட்காரும் பொறுமை, பூட்டைத் திறக்கத் தெரிந்தும் அனுமதியில்லாமல் திறக்காத மனக்கட்டுப்பாடு, இந்த மூன்றும் உள்ள குழந்தைக்கு இது உத்தமமான வழி. முதல் இரண்டு மட்டும் இருந்து மூன்றாவது இல்லையென்றால் வேறு படிப்பில் சேர்ப்பது குழந்தைக்கும் நல்லது, தேசத்துக்கும் நல்லது. முதல் இரண்டைப் பள்ளிக்கூடத்தில் வளர்த்துக்கொள்ளலாம். மூன்றாவது வீட்டில் பெரியவர்களைப் பார்த்துத்தான் வர வேண்டும்.

மாணவர்கள் கேள்வி கேட்கலாம். எனக்குத் தெரியாத கேள்வியாக இருந்தால், நம் உறுப்பினர்களிலேயே டிராம்பேயில் பணியாற்றுபவர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள், அவர்களைப் பிடித்துக்கொள்ளுங்கள்.